மாலை போட்ட பையனும் காலை ஜெபமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றியே இருந்தன. ஜூனில் பள்ளி திறந்த சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியராக இருந்தேன், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமயப் பாடமாகிய மறைக்கல்வி வகுப்பும் எடுத்திருக்கிறேன். அதனால் எல்லாக் கடிதங்களையும் ஆசிரியர் குழு என்னிடமே கொடுத்துவிட்டது. பட்டதையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் இந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். நாங்கள் இந்துக்கள். தினமும் காலையில் ஜெபம் நடக்கிறதாம், வீட்டிலும் கையால் சிலுவை அடையாளம் போட்டுக் காட்டுகிறான். மாமியாருக்கு இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை. மதம் மாற்றிவிடுவார்களா? வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் பையனை ஒதுக்கி வைத்துவிடுவார்களா? (வாசகி, மணப்பாறை)

பதில்: உங்கள் மாமியார் பயப்படுவதில் தப்பு ஒன்றுமில்லை அம்மா, வீட்டுப் பிள்ளை திடீரென்று ஒரு புதுப் பழக்கத்தோடு வந்து நின்றால் யாருக்கும் பக்கென்றுதான் இருக்கும். முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும் அரசுப் பணத்தில் உதவி பெறும் பள்ளியானாலும் அங்கே மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பள்ளி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு 30ஆவது பிரிவு தருகிறது, விலகி நிற்கும் உரிமையை உங்கள் பையனுக்கு 28 தருகிறது.

திருச்சபையும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. விசுவாசத்தை யார் மேலும் திணிக்கக் கூடாது என்பது, உலகத்துக் கத்தோலிக்க ஆயர்களெல்லாம் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே எழுதிவைத்த விஷயம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024இல் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலிலும், பிற மதப் பிள்ளைகள் மேல் கிறிஸ்தவ வழக்கங்களைச் சுமத்தாதீர்கள், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்கச் செய்யுங்கள், எல்லா மதத்தவரும் ஜெபிக்க வளாகத்தில் ஓர் இடம் வையுங்கள் என்றெல்லாம் இருக்கிறது.

சரி, காகிதத்தில் இருப்பதை விடுங்கள், பள்ளியில் என்ன நடக்கிறது? நான் பார்த்தவரை மறைக்கல்விப் பாடவேளை வந்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு வகுப்பறைக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். காலை ஜெபத்துக்கு எல்லாரும் நிற்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் நிற்பவன் செய்வதைப் பார்த்துச் செய்கிறான், அவ்வளவுதான். எங்கள் கத்தோலிக்கப் பையன்களும் ஆயுத பூசைக்கு நண்பன் வீட்டில் பொரி கடலை தின்றுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு தேவாலயத்துப் பக்கம் வந்திருக்கிறார்கள், அதனால் யாரும் மதம் மாறிப் போகவில்லை.

ஒரு விஷயத்தை உங்கள் மாமியாருக்கு அப்படியே சொல்லுங்கள். ஒரு கார்த்திகை மாதம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பில்லை. உடற்கல்வி ஆசிரியர் சீருடை எங்கே என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். தலைமையாசிரியராக இருந்த பாதர் வந்து பார்த்தார், பையன் அழுகிற நிலையில் நிற்கிறான். "எத்தனை நாள் விரதம்?" என்றார். "நாப்பத்தொரு நாள் பாதர்." "எங்களுக்குத் தவக்காலம் நாற்பது நாள்தான்டா, உனக்கு ஒரு நாள் கூட. அத்தனை நாளும் பொய் பேசக் கூடாது, தெரியுமில்ல?" என்று சொல்லி வகுப்புக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் மைதானத்தின் ஓரமாக இருந்த கருவேல முள்ளையெல்லாம் கூட்டிப் பெருக்க ஆள் விட்டார். அந்தப் பையன் வெறுங்காலோடு நடக்கிறான் என்பதற்காக என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெருக்கிய பெரியவர்தான் என்னிடம் சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேறொரு பள்ளியில் ஒரு ஆசிரியை சின்னப் பெண்ணைப் பார்த்துப் பொட்டை அழித்துவிட்டு வா என்று சொன்னதை அந்தப் பெண்ணின் அம்மாவே என்னிடம் வந்து சொல்லி அழுதிருக்கிறார். அது பாவம், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது நடந்தால் நேராகத் தலைமையாசிரியரிடம் போங்கள், எழுதிக் கொடுங்கள், பயப்படாதீர்கள். ஜெப நேரத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றால் போதும். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் கூடப் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே மௌனமாக நிற்கலாம் என்றால் காலை ஜெபத்துக்கு நிற்கக் கூடாதா?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மறைக்கல்வியில் ஈடுபாடே இல்லை. ஏதாவது கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்று திட்டு விழுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கும் டியூஷனைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டோம். விசுவாசத்தை எப்படி ஊட்டுவது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் மகள் கேள்வி கேட்கிறாள் என்றால் ஈடுபாடு இருக்கிறது என்று அர்த்தம். ஈடுபாடு இல்லாத பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு ஹோம்வொர்க் போடும், நான் பார்க்காததா?

மறைக்கல்வி வகுப்பை நாம் ரொம்ப நாளாகவே மனப்பாட வகுப்பாக வைத்திருக்கிறோம். பத்துக் கட்டளையைச் சொல், ஏழு அருள்சாதனங்களைச் சொல், வருடக் கடைசியில் மறைக்கல்வித் தேர்வு, முதல் பரிசுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா. ஐந்தாம் வகுப்பு வரை இது போதும். பதினான்கு வயதில் போதாது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் எழுந்து, "சார், கடவுள் எல்லாருக்கும் அப்பான்னா, கல்லறைத் தோட்டத்துல எதுக்கு நடுவுல செவுரு?" என்று கேட்டாள். எங்கள் வட்டாரத்தில் கிறிஸ்தவக் கல்லறையிலேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு, அவள் பாட்டியைப் புதைத்தது சுவருக்கு அந்தப் பக்கம். வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. மணி அடித்தது, போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் போய் அந்தச் சுவர் தப்பு, அதைக் கட்டியது வேறு யாருமில்லை, நம் ஆட்கள்தான் என்று வகுப்பு முன்னால் சொன்னேன். அப்புறம் அந்தப் பாடவேளை முழுக்க அதைப் பற்றியே பேசினோம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது, 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான் நிற்கிறார்கள். வெளியே அரசாங்கத்தின் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே வந்தால் கல்லறையில் சுவர். இதையெல்லாம் பேசாமல் அன்பே கடவுள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு என்ன பிரயோஜனம்? அன்று பேச ஆரம்பித்த பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க ஒரு மறைக்கல்வி வகுப்பையும் தவறவிடவில்லை, நன்றாகப் படிக்கிற பிள்ளை சுமாராகப் படிக்கிற பிள்ளை என்ற வித்தியாசமே அங்கே இல்லை.

ஆகவே, உங்கள் மகளைத் திட்டின ஆசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள், சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம், பதில் தெரியாத ஆசிரியருக்குத்தான் சீக்கிரம் கோபம் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்று கிறிஸ்தவக் கல்வி பற்றிய வத்திக்கான் சங்க ஏடு தெளிவாகச் சொல்கிறது. ஞாயிறு டியூஷனுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு விசுவாசத்தைப் பள்ளிக்கூடம் ஊட்டட்டும் என்று விட்டால் எப்படி ஐயா? ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து செபமாலையில் ஒரு பத்து மணியாவது சேர்ந்து சொல்லுங்கள், முடிந்ததும் அவள் கேட்கிறதைக் கேட்கட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் இந்துப் பெண். கத்தோலிக்கப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முறை வந்தால் காலைக் கூட்டத்தில் ஜெபம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். மறுக்கவும் பயம், சொல்லவும் மனம் ஒப்பவில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: நம்பாத வார்த்தையைக் கடவுளிடம் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியையாக இருக்கும் சிஸ்டரிடம் தனியாகப் போய், "சிஸ்டர், நான் நற்சிந்தனை சொல்கிறேன், ஜெபத்தை ஒரு மாணவியைச் சொல்ல வைக்கிறேன்" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் சரி என்பார்கள். எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர், தீவிர முருக பக்தர், தன் முறை வரும்போதெல்லாம் ஒரு திருக்குறளைச் சொல்லிவிட்டு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகள், அப்பா வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் என்று பெயர் பெயராகச் சொல்லி அவர்களுக்காக ஒரு நிமிடம் எல்லாரையும் மௌனமாக நிற்க வைப்பார். தன் பெயர் வருமா என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். அதைவிட நல்ல ஜெபத்தை நான் அந்த மேடையில் கேட்டதில்லை.

கேள்வி: மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை திருப்பலிக்கு (பூசைக்கு) போகிற கத்தோலிக்க மாணவர்களுக்கு ஒரு பாடவேளை போய்விடுகிறது. பத்தாம் வகுப்பில் இது தேவையா? (மாணவன், திண்டுக்கல்)

பதில்: தேவைதான் தம்பி. வருடத்துக்குப் பத்துப் பாடவேளை போனதால் யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை. ஆனால் எப்போதும் ஒரே பாடத்தின் பாடவேளையை எடுக்கிறார்கள் என்றால் வகுப்பாசிரியரிடம் சொல், மாற்றிப் போடலாம்.

கேள்வி: ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்த பள்ளிகள்தானே இவை? இன்று எங்கள் ஊர் கத்தோலிக்க ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கை என்று போய் நின்றால் கட்டணத்தைக் கேட்டே மயக்கம் வருகிறது. பங்கு மக்களுக்கே, அதாவது ஊர்த் தேவாலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்கே, இடமில்லை. இதற்கு என்ன பதில்? (வாசகர், விருதுநகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது, மேடையிலும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நிலவரம். அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, பாடப் புத்தகமும் பத்தாம் வகுப்பு வரை மதிய உணவும் உண்டு, பிள்ளையின் வீட்டுக்குப் பெரிய சுமை கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குப் பிறகு ஆரம்பித்த பள்ளிகளுக்கு அந்த உதவி கிடைப்பது நின்றுபோனது. அதன் பிறகு துறவறச் சபைகளும் மறைமாவட்டங்களும் (ஓர் ஆயரின் கீழ் இருக்கும் பகுதிகள்) தொடங்கியவை பெரும்பாலும் கட்டணத்தில் ஓடுகிற ஆங்கிலப் பள்ளிகள். சம்பளம், கட்டடம், பேருந்து எல்லாம் அந்தக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். இது நியாயமான காரணம், நான் மறுக்கவில்லை.

ஆனால் காரணம் வேறு, அதையே சாக்காக வைத்துக்கொள்வது வேறு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதை மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025இல் வேறொரு அமர்வு கருத்துச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். கால் பங்கு இடத்தைத் தர வேண்டாம் என்று சட்டம் நம்மை விட்டுவிட்டதால், நாமே மனம் வந்து அரைப் பங்கு தரக் கூடாது என்று யாராவது தடுத்தார்களா? சிறுபான்மையினர் உரிமை நமக்குக் கிடைத்தது எதற்கு? நம் தேவாலயப் பங்கில் உப்பளத்துக்குப் போகிற, தீப்பெட்டி ஒட்டுகிற, வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை சேர்க்கைப் படிவத்தோடு வாசலில் நிற்கும்போது அந்த உரிமை அதற்குத்தான் முதலில் பயன்பட வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு ரைம்ஸ் நகரத்தில் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்று ஒரு குருவானவர் இருந்தார், வசதியான குடும்பம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த வாத்தியார்கள் மரியாதையில்லாமல் அலைந்த காலம் அது, அவர்களைத் தன் வீட்டுக்கே அழைத்துத் தங்க வைத்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பஞ்சம் வந்தபோது தன் சொத்தைப் பசித்தவர்களுக்கே கொடுத்துத் தீர்த்தார். அன்று வாசிப்பு என்றாலே லத்தீனில் ஆரம்பிப்பார்கள், இவர் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஆரம்பிக்கச் சொன்னார். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார், அவர் சபையின் சகோதரர்கள் நடத்தும் பள்ளி தூத்துக்குடியிலேயே இருக்கிறது. தாய்மொழியில், கட்டணமில்லாமல், கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு என்று அவர் ஆரம்பித்தது. அவர் படத்தை மாட்டியிருக்கிற அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழ் வழி வகுப்பை எப்போது மூடலாம் என்று கணக்குப் போடுவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நீங்கள் ஒன்று செய்யலாம். பங்குப் பேரவையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: வருடத்துக்கு எத்தனை பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் சேர்ப்பீர்கள், எண்ணைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை வேண்டும், வாக்குறுதி வேண்டாம். பள்ளித் தாளாளர் பெரும்பாலும் பங்குத்தந்தையாகவோ அதே ஊர் குருவாகவோ இருப்பார், உங்கள் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பார். தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையை, கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் தமிழ்நாடு அரசு தருகிறது. சான்றிதழ் வாங்க அலைவதற்குச் சங்கடப்பட்டுப் பல வீடுகள் விட்டுவிடுகின்றன. பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பணம்.

கேள்வி: பழைய மாணவர் சங்கத்தில் நான்கு லட்சம் சேர்ந்திருக்கிறது. பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டலாம் என்கிறார்கள் பலர். உங்கள் யோசனை? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் போய்த் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒரு ஆசிரியையைப் பார்த்து வரச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால், சாயங்காலம் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்கு இருக்கிற பிள்ளைகளுக்குச் சுண்டல் போடுங்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஆறு மணி வரை எதைக் கேட்கும்? வளைவு அப்புறம்.

கேள்வி: நான் இஸ்லாமியப் பெண். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பாடம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் போன வாரம் இறந்துவிட்டார். முப்பதாம் நாள் பூசைக்குக் கான்வென்ட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது. நான் போகலாமா? உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை, யாருக்கும் சங்கடமாகிவிடக் கூடாது. (வாசகி, காயல்பட்டினம்)

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. உங்களைப் போன்ற பிள்ளைகள் வராமல் அந்தப் பூசை நிறையாது. தலைக்கு முக்காடோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டு போவது உங்களுக்கு வழக்கம், எங்கள் பாட்டிமார்களும் முக்காடு போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். நடுப்பகுதியில் ஏதாவது ஒரு பெஞ்சில் உட்காருங்கள். எல்லாரும் எழுந்தால் எழுந்துகொள்ளுங்கள், முழந்தாளிடும்போது நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், சிலுவை போட வேண்டியதில்லை. நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்க வரிசையாகப் போவார்கள், அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது, அந்த நேரத்தில் இடத்திலேயே இருந்து உங்கள் வழக்கப்படி அவருக்காக துவா செய்துகொள்ளுங்கள். யாராவது ஒதுங்கி வழிவிட்டு நீங்களும் போங்கள் என்று சைகை காட்டினால் லேசாகத் தலையசைத்தால் போதும்.

பூசை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கான்வென்ட்டில் டீயும் பன்னும் கொடுப்பார்கள், இளம் சிஸ்டர்கள் சிலருக்கு அவரை வயதான காலத்தில் மட்டும்தான் தெரிந்திருக்கும், படுக்கையில் இருந்தவராகத்தான் பார்த்திருப்பார்கள். அவர் உங்கள் வகுப்பில் எப்படி நின்றார், யாரை எதற்காகத் திட்டினார், உங்கள் நோன்பு நாட்களில் உங்களுக்கு என்ன செய்தார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். பழைய வகுப்புப் புகைப்படம் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.